பதிவேட்டில் மின்னல் இல்லை

கொள்ளுத்தாத்தாவைத் தாக்கிய மின்னலை லிஃப்ட் மெக்கானிக் மூன்றாவது முறையாகத் தேடிக்கொண்டிருந்தார்.

பழைய பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் பூச்சி அரித்த ஓட்டை இருந்தது. யாரோ டம்ளர் வைத்த வட்டம் இருந்தது. மின்னல்தான் இல்லை.

எதிர் நாற்காலியில் அவருடைய மகள் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். ஆலய அலுவலகக் கடிகாரத்தில் மூன்றரை.

நாலு மணிக்குப் பெயர்ப்பட்டியல் போதகர் மேசைக்குப் போய்விடும். குழந்தையில் பெற்றோர் தூக்கிவந்து வாங்கிக் கொடுத்த ஞானஸ்நானத்தை, வளர்ந்த பிள்ளைகள் சபை முன் நின்று தாங்களே ஏற்றுக்கொள்ளும் ஆராதனை நாளைக்கு. மகள் மாட்டேன் என்றுவிட்டாள். கடவுள் விஷயத்தில் சந்தேகம் இருக்கிறதாம். அதையும் சாப்பாட்டு மேசையில், அத்தை வந்திருந்த அன்றைக்குச் சொன்னாள்.

அத்தை வீடு போய்ச் சேருமுன் செய்தி எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதனால்தான் மெக்கானிக் ஆலய எழுத்தரை மூன்று வாரம் நச்சரித்து, பூட்டிய அலமாரியிலிருந்து இந்தப் பதிவேட்டை எடுக்க வைத்தார். குடும்பத்தில் முதன்முதலில் மதம் மாறியவர் கொள்ளுத்தாத்தா. கல் உடைத்துக்கொண்டிருந்தார், மின்னல் விழுந்தது, சுத்தியலைப் போட்டுவிட்டு அன்றைக்கே ஞானஸ்நானம் எடுத்தார். அதை எழுத்தில் பார்த்தால் மகள் வாயடைத்துப் போவாள் என்பது மெக்கானிக்கின் திட்டம்.

மெக்கானிக்கின் அப்பா சொன்ன காலத்தில் மின்னல் தூரத்து மலைமேல் விழுந்தது. இவர் சொல்ல ஆரம்பித்ததும் பக்கத்து மரத்துக்கு வந்தது. போன கல்யாணத்தில் தலைப்பாகை கருகிவிட்டது. இன்னும் ஒரு கல்யாணம் நடந்திருந்தால் ஆள் பிழைத்திருக்க மாட்டார்.

லிஃப்ட் கயிற்றைப் பத்துத் தடவை சோதிக்காமல் யாரையும் ஏறவிடாத மனிதர், இந்தக் கதையை மட்டும் ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்த்ததில்லை.

ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களை அந்தக் காலத்துப் போதகர் வருஷத்துக்கு ஒருமுறை விசாரித்து எழுதிவைத்த புத்தகம் இது என்றார் எழுத்தர். பிறகு பஸ் புறப்படும் நேரத்தை அறிவிப்பவர் மாதிரி வாசித்தார்.

‘கல் உடைப்பவர். வயது முப்பத்தொன்று. கேள்வி அதிகம். ஒத்திவைப்பு.’

அடுத்த வருஷம்: ‘ஜெபிக்கும்போது அந்தப் பக்கம் யாராவது கேட்கிறார்களா என்கிறார். ஒத்திவைப்பு.’

அதற்கடுத்த வருஷம்: ‘அதே கேள்வி. ஒத்திவைப்பு.’

மகள் கட்டிய கையை அவிழ்த்தாள்.

நாலாவது வருஷம் போதகர் இரண்டு மணி நேரம் பதில் சொல்லியிருக்கிறார். ‘அவருக்குத் திருப்தி இல்லை’ என்று நேர்மையாக எழுதியும் இருக்கிறார். ஐந்திலும் ஆறிலும் ஒத்திவைப்பு.

ஏழாவதை எழுத்தர் கொஞ்சம் மெதுவாக வாசித்தார்.

‘சந்தேகம் தீரவில்லை. ஒன்பது மைல் நடந்து வருகிறார். ஏழு வருஷத்தில் ஒரு ஞாயிறும் தவறவில்லை. ஞானஸ்நானம் கொடுத்தேன்.’

மெக்கானிக் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட் மாதிரி ஆகிவிட்டார். மூன்று வாரம் அலைந்து, மகளின் சந்தேகத்துக்குப் பரம்பரைச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்ததுதான் மிச்சம். பதிவேட்டை மூடிவிட்டு, போகலாம் என்று எழுந்தார்.

மகள் எழவில்லை.

“ஏழு வருஷமும் இவரை வெளியே போன்னு யாருமே சொல்லலையாப்பா?”

அப்படி யாராவது சொல்லிவிடுவார்கள் என்று இவள் பயந்துகொண்டிருந்தாள் என்பதே மெக்கானிக்குக்கு இப்போதுதான் உறைத்தது.

மகள் படிவத்தைக் கேட்டு வாங்கினாள். பெயர் எழுதினாள். பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, சந்தேகத்தை எந்த இடத்தில் எழுதவேண்டும் என்று எழுத்தரைக் கேட்டாள். அதற்கெல்லாம் கட்டம் கிடையாது, வேண்டுமானால் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம் என்றார் அவர், முகவரி மாற்றம் பற்றிச் சொல்வது போல.

ஓரத்தில் எழுதினாள்: ‘சந்தேகம் உண்டு. ஆனால் வருவேன்.’

பெற்றோர் கையெழுத்துக்குப் படிவம் மெக்கானிக்கிடம் வந்தது. மணி மூன்று ஐம்பது. வீட்டில் தினமும் எட்டு மணி ஜெபத்தை ஒருநாள் விடாமல் நடத்துகிற கை, கையெழுத்துப் போட்டது. போட்டுவிட்டு, ஓரத்தில் இருந்ததை மெக்கானிக் இன்னொரு தடவை படித்தார்.

எழுத்தர் அலமாரியைப் பூட்டப் போனதும், படிவத்தை மகள் பக்கம் நகர்த்தினார்.

“கீழே ‘அப்பாவுக்கும்’னு சேர்த்துக்கோம்மா. இருபது வருஷமா இருக்கு.”