சிரிக்காத சம்பந்தி

"கொஞ்சம் சிரிச்சாப்புல இருங்க. பொண்ணு பாக்க வந்திருக்கோம், துக்கம் விசாரிக்க இல்ல" என்று கணவரின் காதில் கிசுகிசுத்தாள் வேணி.

"சிரிச்சுக்கிட்டுதான் இருக்கேன், வேணி" என்றார் நல்லுசாமி, மெல்லிய குரலில். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

திருவெறும்பூரில் கிளம்பும்போதே நேரம் பார்த்து மாத்திரை கொடுத்திருந்தாள். கை நடுக்கம் அடங்கியிருந்தது. முகம்தான் மாத்திரைக்கும் மசியவில்லை. மகன் நவநீதனுக்குப் பெண் கனிஷ்காவைப் பிடித்துவிட்டது. அவளுக்கும் அவனை. அப்பாவின் முகத்தால் சம்பந்தம் கெட்டுப்போனால்?

ஸ்ரீரங்கத்து வீட்டில் பேச்செல்லாம் பெண்ணின் அப்பா தாயுமானவனுடையதுதான். கேசரியைத் தட்டில் வைத்துக்கொண்டே, அம்மா மண்டபத்தில் குரங்கிடம் மூக்குக்கண்ணாடியைப் பறிகொடுத்த கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், இரண்டு பேரைத் தவிர. ஒருவர் நல்லுசாமி. இன்னொருத்தி தாயுமானவனின் மனைவி ரெங்கநாயகி. புடவைத் தலைப்பால் கையைப் போர்த்திக்கொண்டு, கண்கூட இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

'ராங்கிக்காரி. இவர் மூஞ்சியைப் பாத்ததுமே மனசு விட்டுப்போச்சு போல.' வேணி கேசரித் தட்டைக் கீழே வைத்தாள்.

தாயுமானவன் தொண்டையைச் செருமினார். "சார் ஒண்ணுமே பேசலையே. எங்க வீடு புடிக்கலைங்களா?"

அதற்குமேல் வேணியால் முடியவில்லை.

"ஐயோ, அவரு சந்தோஷமாத்தாங்க இருக்காரு! அவருக்குப் பார்க்கின்சன். மூளையில டோபமின்னு ஒண்ணு சுரக்குமாம், அது கொறஞ்சுபோச்சு. நடை தளருது, கை நடுங்குது, மூஞ்சி இப்படி மரமாயிடுது. ஏன் வருதுன்னு கேட்டா புத்தூர் டாக்டரே கையை விரிக்கிறாரு. மாத்திரைதான் அந்தக் கொறையை ஈடுகட்டுது. தொத்து வியாதி இல்லீங்க. மறைக்கலாம்னுதான் பாத்தோம், மூஞ்சி விடல."

நவநீதன் தலையைக் குனிந்துகொண்டான்.

தாயுமானவன் மனைவியின் பக்கம் திரும்பினார். "போதும் ரெங்கா. கையை வெளியே எடு."

தலைப்புக்குள்ளிருந்து வந்த வலது கை, நடுங்கிக்கொண்டே வேணியின் பக்கம் நீண்டது. ரெங்கநாயகியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இவளும் சந்தோஷமாத்தாங்க இருக்கா" என்றார் தாயுமானவன்.