கஞ்சி ஆறுவதற்குள்

"ஏளா, ஆறுததுக்குள்ள முத்து பீவி மாமி கையில குடுத்துட்டு வா" என்று தூக்குச்சட்டியைக் கையில் திணித்து, பின்வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டாள் உம்மா. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அஃபீஃபாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாதக்கணக்காக மனசு மப்பும் மந்தாரமுமாகக் கிடக்கிறது. காரணம் இருந்தாலாவது சொல்லி அழலாம். துபாயிலிருந்து புருஷன் ரியாஸ் தினமும் பேசுகிறான், ஒரு குறையுமில்லை. படுத்தால் எழத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சோறும் மண்ணும் நாக்குக்கு ஒன்றாகிவிட்டன. மாத்திரை பாதி, நடை பாதி என்றாள் டாக்டரம்மா. எங்கே நடக்க, எதற்கு நடக்க?

உம்மாவுக்கு அந்த இரக்கமெல்லாம் கிடையாது. சாயங்காலம் அஸர் தொழுதாளோ இல்லையோ, மாமி வீட்டுக்கு ஏதாவது போயாக வேண்டும். நேற்று வட்டிலப்பம், இன்றைக்குக் கறிக்கஞ்சி. இப்படித் தினமும் ஆக்கிக் கொட்ட உம்மாவுக்கு உடம்பு என்ன இரும்பா?

முடுக்கு நீண்டு கிடந்தது. பெண்கள் மட்டும் புழங்கும் சந்து. இரண்டு பக்கமும் வீடுகளின் பின்வாசல்கள். மேலே ஒரு முழம் வானம். கடல்காற்று நுழைந்து, கொடித்துணிகளோடு சோம்பலாகப் பேசிக்கொண்டிருந்தது. தான் நிற்பது போலவும் சுவர்கள்தான் நடப்பது போலவும் இருந்தது அவளுக்கு.

பாதி வழியில் ஒரு படி.

உட்காரலாமா என்றிருந்தது. உட்கார்ந்தால் போச்சு, ஆள் வந்துதான் தூக்கவேண்டும். அந்தப் பயம் அவளுக்கே உண்டு. ஆனால் கையில் இருப்பது அடுத்தவர் வயிற்றுக்குப் போகிற கஞ்சி. ஆறவிடலாமா?

கால் இடறியது. சட்டியிலிருந்து நாலு சொட்டு பாதத்தில் தெறித்தது. சுட்டது. ஆனால் பிசுபிசுக்கவில்லை. மணமும் இல்லை.

மூடியைத் திறந்தாள்.

வெந்நீர். வெறும் வெந்நீர்.

அப்படியானால் நேற்றைய வட்டிலப்பம்? அதற்கு முந்தைய நாள் கறி? யோசித்துப் பார்த்தால், மாமி ஒருநாளும் இவள் முன்னால் மூடியைத் திறந்ததேயில்லை.

அடி கள்ளிகளா!

கண்ணீர் பொலபொலவென்று சட்டிக்குள்ளேயே விழுந்தது. துடைக்கத் தோன்றவில்லை. இனி உட்காரலாம், ஆறிப்போகக் கஞ்சி ஏது? படியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு மூடியை அழுத்தி மூடினாள். நடந்தாள்.

பின்வாசலிலேயே காத்திருந்தாள் முத்து பீவி. சட்டியை வாங்கி, திறக்காமலேயே மூக்கருகே கொண்டுபோய் இழுத்து முகர்ந்தாள். முகத்தில் துளி சிரிப்பில்லை.

"உங்கும்மா கஞ்சி என்னா மணம் மணக்குது!"

"உப்புதான் இன்னைக்குக் கொஞ்சம் கூடிட்டுது மாமி" என்றாள் அஃபீஃபா.