கட் சொன்ன பிறகு

“நிறுத்து, நிறுத்து! அந்தச் சிறுக்கி இதுலதான் எங்கயோ இருக்கா.”

நாத்தனார் ரிமோட்டை அழுத்தினாள். குதிரையும் ஈட்டியும் புகையுமாகப் போர்க்களம் அப்படியே உறைந்து நின்றது. தையல்காரி டிவிக்குப் பக்கத்தில் போய், திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து, ஒவ்வொரு முகமாகத் தேடினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜன்னல் திரைகளை இழுத்து மூடியிருந்ததால் அறையில் டிவி வெளிச்சம் மட்டும்தான். இரண்டு பேரும் இன்னும் சாப்பிடவில்லை.

மூன்று பாகமாக வந்து சக்கைப்போடு போட்ட ராஜா ராணி மாயாஜாலப் படம் அது. தையல்காரியின் புருஷன் அதில் துணை நடிகன், கூட்டத்தில் ஒருவன். கடைசிப் பாகத்தின் போர்க் காட்சிக்குப் போனவன் வீடு திரும்பவே இல்லை.

ஆள் பிடித்துக் கொடுக்கிற வெள்ளைத் தொப்பி ஏஜென்ட்தான் வந்து சொன்னான். “கூட நடிச்ச பொண்ணோட கிளம்பிட்டான்மா. காயம்பட்டவங்களுக்குத் தண்ணி குடுக்குற வேஷம், மஞ்ச முக்காடு. நாங்க என்ன பண்றது, சொல்லு?” சொல்லிவிட்டு அவன் பையை வைத்துவிட்டுப் போனான். உள்ளே சட்டை, சீப்பு, செருப்பு.

“செருப்பக்கூட மாட்டாம ஓடியிருக்காருன்னா பாத்துக்கோ, அவ்ளோ அவசரம்!” என்று அன்றைக்குக் கத்தியவள்தான். மூன்று வருஷமாகத் தெருவில் அவளுக்கு ‘ஓடிப்போனவன் பொண்டாட்டி’ என்று பெயர். ராத்திரி கதவு லேசாக அசைந்தால்கூட இன்னமும் எழுந்து உட்காருகிறாள். வந்தால் நாலு கேள்வி கேட்கத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறாள், பாவம்.

தியேட்டரில் ஓடிய படத்தில் அவனும் இல்லை, மஞ்சள் முக்காடும் இல்லை. அந்தப் பகுதியையே வெட்டித் தள்ளியிருந்தார்கள். இப்போது வெட்டியதையெல்லாம் திரும்ப ஒட்டி, படத்தை இன்னும் இழுத்து, பெட்டியில் போட்டு விற்கிறார்கள். படம் எடுத்த விதத்தைக் காட்ட ஒரு தனி டிஸ்க் வேறு.

“ஏன் அண்ணி இந்த வேண்டாத வேலை? பாத்து என்ன ஆகப் போகுது?”

“அவ மூஞ்சிய ஒரே ஒரு தடவ பாக்கணும். என்கிட்ட இல்லாதது அவகிட்ட என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு, உன் அண்ணன அத்தோட தலை முழுகிடுவேன்.”

“அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்ல அண்ணி.”

“ஆமா, பச்சக் குழந்த! வாயில விரல வெச்சாக் கடிக்கத் தெரியாது. போடு படத்த.”

படம் நகர்ந்தது. போர் முடிந்த களத்தில், பிணங்களுக்கு நடுவே இளவரசன் தனியாக நடந்து வந்தான். ஒரு வண்டி கவிழ்ந்து கிடந்தது.

“அண்ணன்!” என்றாள் நாத்தனார்.

வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில், மார்பில் அம்போடு, பாதி திறந்த கண்ணோடு கிடந்தான். புருவத்துக்கு மேலே அதே தழும்பு. திட்ட வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் தையல்காரிக்கு எங்கே போனதோ தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. அப்படிக் கலங்கியதே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

“என்னா நடிப்பு பாரேன்!” என்று மூக்கை உறிஞ்சினாள்.

மஞ்சள் முக்காடு ஒன்று அவனைத் தாண்டிப் போனது. முதுகுதான் தெரிந்தது.

“இதுல எல்லாம் வேஷம். அந்த இன்னொரு டிஸ்க்கப் போடு. கட் சொன்னதுக்கு அப்புறம் யாரு யாரு பின்னால போறாங்கன்னு பாத்துரலாம்.”

அதில் ஒரு கேமரா உயரத்திலிருந்து மொத்தக் களத்தையும் காட்டியது. ஒலிபெருக்கியில் “கட்! எல்லாரும் சாப்பிடப் போங்க!” என்று ஒரு குரல். அவ்வளவுதான், செத்தவர்கள் எல்லாம் எழுந்தார்கள். நெஞ்சில் ஈட்டியோடு ஒருவன் சோம்பல் முறித்தான். இன்னொருவன் பக்கத்துப் பிணத்துக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். ரத்தம் பூசிய முகங்கள் சிரித்துக்கொண்டே கூடாரத்துப் பக்கம் ஓடின.

மஞ்சள் முக்காடும் கூட்டத்தோடு நடந்தது. தையல்காரி முழங்காலில் எழுந்து நின்றாள். முக்காடு சக்கரத்தைக் கடந்தது. நிற்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

“போறா பாரு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி! இவரு இப்ப எழுந்து பின்னாலயே போவாரு, பாத்துக்கிட்டே இரு.”

களம் காலியாகிக்கொண்டு வந்தது. வேஷச் சாமான்களைச் சேகரிக்கிற உடுப்பு ஆட்கள் கேடயங்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டார்கள்.

“எந்திரிங்களேன்... சோத்துக்குக் கூப்பிடறாங்க, எந்திரிங்க!” தையல்காரி டிவியைப் பார்த்துச் சிரித்தாள்.

உடுப்பு ஆள் ஒருவன் சக்கரத்தருகே வந்து குனிந்து தோளைத் தட்டினான். மறுபடியும் தட்டினான். பிறகு கூடையைப் போட்டுவிட்டு யாரையோ கைகாட்டிக் கூப்பிட்டான். வெள்ளைத் தொப்பி ஒன்று ஓடி வந்தது. நாலு பக்கமும் பார்த்தது. மேலே மட்டும் பார்க்கவில்லை. கீழே கிடந்த கொடித் துணியை எடுத்து அவன் முகத்தின் மேல் போட்டது.

அதோடு காட்சி மாறியது. டைரக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, அந்தப் போரை எடுக்கத் தான் பட்ட பாட்டைப் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

தையல்காரியின் முகத்தில் பாதிச் சிரிப்பு அப்படியே நின்றிருந்தது. நாத்தனார் தவழ்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி... அண்ணன் ஓடிப் போகல.”