குழி விழாத கையுறை

டேட்டன் ஏலக்கூடத்துச் சன்னலில் காலை வெயில் சாய்ந்து, மேசைமேல் கிடக்கும் பழைய பேஸ்பால் கையுறையில் விழுகிறது. விலை மதிப்பிடும் க்ளைட் அதை முகர்ந்து பார்க்கிறார், உள்ளே கைவிட்டு மடக்குகிறார். தோல் மடங்க மறுக்கிறது. எதிரே வெர்னா உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் இறந்த அவர் கணவர் ஆர்வில்லின் கையுறை. பள்ளி அணியின் கடைசி ஆட்டத்தில் வேலியோரம் பாய்ந்து இதில்தான் பந்தைப் பிடித்ததாக ஆயுள் முழுக்கச் சொன்ன மனிதர். “அறுநூறு டாலருக்குத் தாராளமாப் போகும். தேஞ்சிருந்தா நூறுகூடத் தேறாது,” என்கிறார் க்ளைட். “அப்ப இது தேயலையா?” க்ளைட் கையுறையின் நடுவில் கட்டைவிரலால் தடவுகிறார். “பந்து பிடிக்கப் பிடிக்கத்தாங்க இங்க குழி விழும். இதுல ஒரு பந்துகூடப் பிடிச்சதில்ல.”

வாசலில் வெர்னாவின் மகன் யாரிடமோ கைகளை விரித்து, அப்பா பாய்ந்த பாய்ச்சலைக் காட்டிக்கொண்டிருக்கிறான். வெர்னா அவனையே பார்க்கிறார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து நிற்கிறது. “பொய்யைக்கூட எவ்வளவு அழகா சொல்லியிருக்கார் என் புருஷன்.” கையுறையை மடிக்கு இழுத்து, முஷ்டியை மடக்கி அதன் நடுவில் ஓங்கிக் குத்துகிறார். மறுபடியும் குத்துகிறார். “என்னங்க பண்றீங்க? விலை இறங்கிடும்.” “இறங்கட்டும் க்ளைட். பையன் உள்ள வர்றதுக்குள்ள ஒரு குழி விழணும்.”