தையல்காரருக்குக் கேட்ட குரல்

மார்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்த இந்த ஆறு மாதமாகத் தையல்காரருக்கு ஒரே குறை. மாதாமாதம் சாட்சி சொல்லும் ஞாயிறன்று ஆளாளுக்கு எழுந்து, கடவுள் தங்களுக்கு வழிகாட்டிய கதையைச் சொல்வார்கள். இவருக்குச் சொல்ல ஒன்றுமே இருக்காது.

இன்று கடையில் சட்டைக்குக் காஜா எடுக்கும்போது நெஞ்சுக்குள் மெல்லிய குரல்: "உடனே வீட்டுக்குப் போ."

கழுத்தில் டேப் ஆட, தெருவே வேடிக்கை பார்க்க ஓடினார்.

"என்னடி ஆச்சு? கேஸ் கசியுதா?"

சமையலறையில் மனைவி திருதிருவென விழித்தாள். கையில், இனித் தொடுவதில்லை என்று சபையில் இருவரும் வாக்குக் கொடுத்திருந்த காபி!

"பாத்தியா, எனக்கும் கேட்டுடுச்சு! ஞாயித்துக்கிழமை எழுந்து சொல்லத்தான் போறேன்!"

"தாராளமா சொல்லுங்க. 'உன் புருஷன் ஓடி வர்றான், டம்ளரைக் கீழ வை'ன்னு எனக்கும்தான் அஞ்சு நிமிஷமா கேட்டுச்சு. கடைசி மடக்குதானேன்னு நான்தான் காதுல போட்டுக்கல!"