தோளில் ஏறிய வயோல்

ஒரு வித்வான் வீட்டில் மூன்று வயோல் சகோதரிகள் இருந்தார்கள். வயோலும் வயலினைப் போல வில்லால் வாசிக்கும் வாத்தியம்தான். ஆனால் மடியிலோ கால்களுக்கு நடுவிலோதான் உட்கார வேண்டும். ஒரு கச்சேரியில் வயலின் ஒன்று தோளில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்ததிலிருந்து சின்னவளுக்குச் சுருதியே சேரவில்லை.

"என்னையும் தோள்ல வச்சாத்தான் பாடுவேன்" என்று அடம்பிடித்தாள்.

அடுத்த கச்சேரியில் வித்வான் அப்படியே வைத்துப் பார்த்தார். உடனே அவருடைய தாடி அவள் முகத்தை மூடிக்கொண்டது. பாட்டு முடியும்வரை அவள் தும்மிக்கொண்டே இருந்தாள். அதைப் புதுத் தாளம் என்று நினைத்துச் சபை கைதட்டியது.

இறங்கி வந்ததும் அக்காக்கள் சூழ்ந்துகொண்டார்கள். "மேலேர்ந்து என்னடி தெரிஞ்சுது?"

சின்னவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஊரே தெரிஞ்சுதுக்கா. கடல்கூட."

மறுநாள் நடு அக்கா ஏறினாள். தும்மியபடி இறங்கி, "கடல்ல ஒரு கப்பல் போச்சு" என்றாள்.

பெரியக்கா ஆளுயரம். அவளைத் தூக்கிய வித்வான் மல்லாக்க விழுந்தார். அவர் மேல் அவள் குப்புற விழுந்தாள். கண், மூக்கு எல்லாம் தாடி. தங்கைகள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பெரியக்கா மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

"கப்பல்லேர்ந்து நமக்குக் கை காட்டுறாங்கடி" என்றாள்.