மூன்றாவது தட்டு

பூட்டுக்கடை அண்ணனின் வானொலி விளம்பரத்துக்காக, ஒலிப்பதிவு அறைக் கதவை நானே இரண்டு முறை தட்டிப் பதிவு செய்தேன். பிறகு அவர் குரல்: "யாருன்னு கேட்டுட்டுத் திறங்க!"

ஒலிபரப்பில் மூன்று தட்டு கேட்டது. பதிவைப் போட்டுப் பார்த்தேன், இரண்டுதான்.

ஒரே வாரத்தில் கடையில் கூட்டம் அலைமோதியது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"விளம்பரத்தை நிறுத்திடலாம், அண்ணே."

"மூட இருந்த கடைப்பா இது! வர்றவங்க எல்லாரும் உள்பக்கம் போடுற தாழ்ப்பாள்தான் கேக்குறாங்க. ஏன்னு கேட்டா வாசலைத் திரும்பிப் பாத்துட்டு, காசை வச்சிட்டுக் கிளம்பிடுறாங்க."

அவரிடம் சொல்லாமல் தட்டுகளை வெட்டி எடுத்தேன். மறுநாள் காலை வீட்டில் வானொலியைப் போட்டேன். அவர் குரல் மட்டும் வந்தது. அப்பாடா என்றிருந்தது.

சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்: "யாருங்க அது, ஒரே ஒரு தட்டு தட்டிட்டுச் சும்மா நிக்கிறது?"